டீப்பாயில் டீ இருக்கிறதா? ஒரு சொல்லின் வேரைத் தேடும் வழி

ஹாலில் செய்தித்தாளும் காபி டம்ளரும் வைக்கிற குட்டி மேஜைக்கு நம் வீடுகளில் டீப்பாய் என்று பெயர். இது ஆங்கிலம் வழியாக வந்த சொல். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இன்று இதை அறிந்தவர்கள் குறைவு. வேர் தேடிப் பழக அருமையான சொல்.

படி 1: மனதில் முதலில் தோன்றும் விளக்கத்தை எழுதி ஓரமாக வையுங்கள். 'டீ வைக்கிற மேஜை, அதனால் டீப்பாய்.' சோதிக்கும் வரை இது ஊகம்தான்.

படி 2: பழைய பொருளைப் பாருங்கள். மெரியம்-வெப்ஸ்டர் ஆங்கில அகராதி, சொற்களின் வேர் சொல்லும் எட்டிம்ஆன்லைன் இரண்டும் இணையத்தில் இலவசம். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டில் புழங்கிய சொல் இது. பொருள், மூன்று கால் உள்ள சிறு மேஜை. டீயைப் பற்றிப் பேச்சே இல்லை! இப்படி ஊகமும் பழைய பொருளும் ஒட்டாத இடத்தில்தான் விஷயம் இருக்கும்.

படி 3: கூடப் பிறந்த சொற்களைத் தேடுங்கள். வடக்கே கயிற்றுக் கட்டிலுக்குச் சார்பாய் என்று பெயர்: சார் என்றால் நான்கு, பாய் என்றால் கால். பைஜாமாவில் இருப்பதும் அதே பாரசீகக் 'கால்'தான். ஜாமா என்றால் உடை. அப்படியானால் டீப்பாயின் இந்தி வடிவமான திபாய்? இந்தியில் தீன் என்றால் மூன்று. ஆக, நம் முக்காலியேதான். நாம் விரித்துப் படுக்கும் பாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

படி 4: அந்தக் காலத்து அகராதியில் சரிபாருங்கள். இந்திய-ஆங்கிலச் சொற்களுக்கு யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் ஒரு புதையல். டீயோடு இதை முடிச்சுப் போடுவது தவறு என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். முறையான பாரசீகத்தில் இது 'சிபாய்' (சி என்றால் மூன்று) என்று வந்திருக்க வேண்டுமாம். சிப்பாயோடு குழம்பாமலிருக்க ஐரோப்பியர் யாராவது சார்பாயைப் பார்த்துத் 'திபாய்' என்று ஆக்கியிருக்கலாம் என்கிறார்கள். குறிப்பெடுக்கும்போது அந்த 'லாம்' விட்டுப்போகக் கூடாது. பாதித் தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

படி 5: தவறான விளக்கத்தையும் தூக்கிப் போடாதீர்கள், அதற்கும் ஒரு கதை உண்டு. ஆங்கிலத்தில் முதல் பாதியை டீ (tea) என்று எழுத்துக்கூட்டியதும் காதுக்கு அது டீயாகவே கேட்டது. அப்புறம் லண்டன் கடைகளில், கால் வைத்த தேயிலைப் பெட்டியையே இந்தப் பெயரில் விற்றார்கள். தவறான விளக்கம் பொருளையே மாற்றிவிட்டது!

சரி, இனி நீங்களே ஒன்று தேடிப் பாருங்கள். கேமராவைத் தாங்கும் டிரைபாட் கிரேக்கச் சொல்; அதற்கும் மூன்று கால்தான். டிரைபாடும் டீப்பாயும் எங்கே உறவாகின்றன?