மஜ்ஜை நாரேற்றத்தை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலும்பு மஜ்ஜையில் நார் படிவதை (நாரேற்றம்) நுண்ணோக்கியில் மதிப்பிடும்போது, பயிற்சிக்கு வரும் இளம் நோயியல் மருத்துவர்கள், நான் ஒரு காலத்தில் செய்த பிழைகளையே திரும்பச் செய்வதைப் பார்த்து இதை எழுதுகிறேன். ஸ்லைடு மாறிப்போவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை.

நார் படிந்தால் படிந்ததுதான் என்று எண்ணுவது

லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோயில் மெகாகாரியோசைட்டுகளும் (தட்டணுக்களை உருவாக்கும் பெரிய செல்கள்) நோயுற்ற செல்களும் வெளிவிடும் டிஜிஎஃப் பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகளே, நார் உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்டு செல்களைத் தூண்டி, ரெட்டிகுலின் என்னும் மெல்லிய நாரைப் படிய வைக்கின்றன. தூண்டுதல் நின்றால் நாரும் குறையக்கூடும். நாட்பட்ட மைலாய்டு லுகேமியாவில் இமாட்டினிப் மருந்தும், ஹேரி செல் லுகேமியாவில் கிளாட்ரிபின் மருந்தும் இதைக் காட்டியுள்ளன. ஆனால் ரத்த எண்ணிக்கை சீராகும் வேகத்தில் நார் குறைவதில்லை.

பழைய அறிக்கையின் எண்ணோடு ஒப்பிடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. இமாட்டினிப் எடுத்துவந்த ஒருவரின் பழைய அறிக்கையில் எம்எஃப்-1 (நாரேற்றத் தரம்; எண் கூடக்கூட நார் அதிகம்) என்றிருந்தது. என் ஸ்லைடில் நார்கள் அடர்ந்து, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, எம்எஃப்-2 என்று தெரிந்தன. ‘நாரேற்றம் கூடியுள்ளது’ என்று எழுதிவிட்டேன். நோயின் அளவைக் காட்டும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) மரபணு அளவு இறங்கிக்கொண்டே வந்திருந்ததை நான் விசாரிக்கவே இல்லை. மருந்தை மாற்றும் பேச்சு தொடங்கிய பிறகுதான் என் மூத்த மருத்துவர் பழைய ஸ்லைடை எடுத்துவரச் சொன்னார். அதில் ரத்தக்குழாய்ச் சுவர்கள் வெளிறிய பழுப்பாகக் கிடந்தன. அச்சுவர்களில் இயல்பாகவே ரெட்டிகுலின் உண்டு; வெள்ளிச் சாயம் ஒழுங்காக ஏறியிருந்தால் அவை கறுத்திருக்க வேண்டும். திசுவைப் பதித்து வைத்திருந்த பழைய பாரஃபின் கட்டியிலிருந்து புதிதாகச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தபோது, அங்கே இருந்தது எம்எஃப்-3. கூடவில்லை, குறைந்திருந்தது!

2005-இல் வெளியான ஐரோப்பிய ஒருமித்த அளவுகோல் எம்எஃப் தரங்களை 0 முதல் 3 வரை தெளிவாக வரையறுத்தாலும், சாயம் பிடிக்காத ஸ்லைடுக்கு அந்த எண் பொருந்தாது. இரு ஸ்லைடுகளையும் அருகருகே வைத்து, முதலில் குழாய்ச் சுவரைப் பாருங்கள். தீவிரக் கீமோதெரபிக்குப் பின் செல்கள் அழிந்து திசு சரிந்திருந்தால், இருக்கும் நார்களே நெருங்கி வந்து கூடியதுபோல் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கொழுப்புப் பரப்பையும் சேர்த்துத் தரமிடுவது

கூடாது. ரத்தம் உருவாகும் பகுதியில் மட்டுமே தரமிட வேண்டும்.

ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சும்போது ஒன்றும் வராவிட்டால் நார் என்று முடிவுகட்டுவது

செல்கள் இடைவெளியின்றி அடைந்திருந்தாலும் வராது. திசுத்துண்டைப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

எல்லா மருந்தும் நாரைக் கரைக்கும் என்று எதிர்பார்ப்பது

மஜ்ஜையில் நார் படியும் நோயான மைலோஃபைப்ரோசிஸில் ருக்ஸோலிட்டினிப் மருந்து மண்ணீரலைச் சுருக்குகிறது. நார் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.