மினாக்சிடில்: லோஷனா, நுரையா? பலரும் சறுக்கும் இடங்கள்

முடி உதிர்வுக்குத் தலையில் பூசும் மருந்தான மினாக்சிடில் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "இரண்டில் எதற்குப் பவர் அதிகம்?" என்றுதான். கேள்வியே தப்பு. 5 சதவீத லோஷனிலும் 5 சதவீத நுரையிலும் இருப்பது ஒரே மருந்து, ஒரே அளவு. அதைச் சுமந்து வரும் கலவைதான் வேறு. எது உங்கள் தலைத்தோலைப் போய்ச் சேரும், எதை மாதக்கணக்கில் அலுக்காமல் போடுவீர்கள் என்பதைப் பாருங்கள்.

லோஷனில் ஆல்கஹாலோடு புரொப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானும் இருக்கும். அந்தப் பிசுபிசுப்பு அதனால் வருவது. சிலருக்கு வரும் அரிப்புக்கும் செதிலுக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். இது தெரியாமல் பொடுகு என்று நினைத்து ஷாம்பூவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இல்லையென்றால் "மினாக்சிடிலே எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று தூக்கிப் போடுவார்கள். அமெரிக்காவில் 1988-ல் லோஷனுக்கு அனுமதி கிடைத்தது. 2006-ல் வந்த நுரையில் புரொப்பிலீன் கிளைக்கால் கிடையாது. ஆகவே அரிப்பு வந்தால், தோல் மருத்துவரிடம் கேட்டு நுரைக்கு மாறிப் பார்க்கலாம். அப்புறமும் அரித்தால் நிறுத்த வேண்டியதுதான்.

அதற்காக நுரைதான் உசத்தி என்றும் இல்லை. நீளமான, அடர்த்தியான முடி உள்ளவர்கள் நுரையை உள்ளங்கையில் எடுத்து மேலாகத் தடவினால், பெரும்பகுதி முடியிலேயே நின்றுவிடும். வேருக்குப் போகாத மருந்தால் என்ன பயன்? வகிட்டில் டிராப்பர் முனையை வைத்து லோஷனைச் சொட்டுச் சொட்டாக விடுவது இவர்களுக்குச் சுலபம். நுரைதான் வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. உடல் சூடு பட்டதும் நுரை உருகிவிடும். வெதுவெதுப்பான விரலில் எடுத்தால் தலைக்குப் போவதற்குள் தண்ணீராக வழியும். விரல்களைக் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்துவிட்டு எடுங்கள். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, காய்ந்த தலைத்தோலில் அழுத்திப் பூசுங்கள்.

நுரையைக் கண்ணளவில் எடுப்பது இன்னொரு தவறு. ஆண்களுக்கு வேளைக்கு அரை மூடி, தினம் இரண்டு முறை. பெண்களுக்கான 5 சதவீத நுரை ஒருமுறை போதும். லோஷன் என்றால் வேளைக்கு 1 மில்லி, இரண்டு முறை. அள்ளிப் பூசினால் முடி அள்ளிக்கொண்டு வராது. இது முதலில் ரத்தக்கொதிப்புக்கு வந்த மருந்து; உடலுக்குள் அதிகம் போனால் படபடப்பு, தலைசுற்றல் வரலாம்.

லோஷன் போட்ட கையோடு படுத்துவிடாதீர்கள். தலைகாணி வழியாக முகத்தில் பட்டு, அங்கே ரோமம் முளைக்கலாம். இரண்டு, மூன்று மணி நேரமாவது காயட்டும். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மினாக்சிடில் பூனைக்கு நஞ்சு.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் எந்த வடிவமும் வேண்டாம். திடீரென்று கொத்தாகவோ, வட்டவட்டமாகவோ கொட்டினால் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக, அவசரப்பட்டு மாறுவது. ஆரம்ப வாரங்களில் முடி வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டலாம். பழைய முடி விழுந்து புதிய சுழற்சி தொடங்குவதால் இப்படி. அதைப் பார்த்துப் பயந்து லோஷனிலிருந்து நுரைக்கும், அங்கிருந்து திரும்பவும் தாவினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஒவ்வாமை இல்லாவிட்டால் ஒன்றிலேயே நான்கு மாதமாவது இருங்கள். மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் வகிட்டைப் படமெடுத்து வையுங்கள்.