நடு ரூம்ல பகல்லயும் லைட் போடுறீங்களா? கூரை வழியா வெளிச்சம் கொண்டு வரலாம்

ரெண்டு பக்கமும் சுவர் ஒட்டுன வீடுன்னா நடு ரூம் எப்பவும் இருட்டுதான். மேல ஒரு ஓட்டையப் போட்டா வெளிச்சம் வந்துரும், கூடவே வெயிலும் மழையும் வராம பாத்துக்கறதுலதான் வேலையே இருக்கு.

ஓட்டு வீட்டுக்காரங்களுக்கு ஈஸி, ரெண்டு மூணு ஓட்ட எடுத்துட்டு அதே அளவுல கண்ணாடி ஓடு மாட்டுனா முடிஞ்சது.

கான்கிரீட் வீடுன்னா மொதல்ல இடம் பாருங்க. நடு மத்தியானம் லைட்ட அணைச்சிட்டு எங்க ரொம்ப இருட்டோ அங்க குறிச்சுக்கோங்க. பத்துக்குப் பத்து ரூமுக்கு ரெண்டுக்கு ரெண்டு அடி திறப்பு தாராளம், பெருசா வச்சா ரூம் அடுப்பாயிரும். புது வீடுன்னா கான்கிரீட் ஊத்த பலகை (சென்ட்ரிங்) அடிக்கும்போதே திறப்பு விட்டு சுத்தி எக்ஸ்ட்ரா கம்பி கட்டச் சொல்லுங்க. பழைய ஸ்லாப்னா இன்ஜினியர் பாக்காம வெட்டுற மெஷின வைக்கவே கூடாது, பீம், கம்பி எங்க ஓடுதுன்னு நமக்குத் தெரியாது.

அடுத்து திறப்பச் சுத்தி ஒரு அடி உயரத்துக்கு செங்கல் கட்டு, மொட்டமாடித் தண்ணி உள்ள வராது. அதுமேல கண்ணாடிய ஒரு பக்கம் சரிவா, அந்த செங்கல் கட்டுக்கு ரெண்டு இஞ்ச் வெளிய நீட்டி வைக்கணும். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிலிம் வச்சு ஒட்டுன லேமினேட்டட் கண்ணாடிதான் போடணும், பக்கத்துல தென்னமரம் இருந்து காய் விழுந்தாக்கூட உடஞ்ச துண்டு உள்ள இருக்கற பிலிம்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும். கீழ கிரில் கண்டிப்பா வேணும், திருடன் பயம் இருக்குல்ல. கண்ணாடி ஜாயின்ட்ட அடைக்கற சிலிக்கான் பசை வாங்கும்போது நியூட்ரல்னு கேட்டு வாங்குங்க, வினிகர் வாசம் அடிக்கிற வகை அந்த பிலிம் ஓரத்த அரிச்சிடும்.

ஆனா என்னைக் கேட்டா படுக்க வச்ச கண்ணாடியே வேணாம்பேன். சென்னைல ஏப்ரல் கடைசியிலயும் ஆகஸ்ட் நடுவுலயும் உச்சி வெயில் நேரா தலைக்கு மேல. அந்த செங்கல் கட்டையே மூணடி உயரத்துக்குத் தூக்கி மேல ஸ்லாப் மூடி, வடக்குப் பக்கம் மட்டும் நிக்க வச்ச கண்ணாடி போட்டா வெளிச்சம் வரும், சூடு அவ்வளவா வராது. மே, ஜூன், ஜூலைல அங்க மத்தியான வெயில் வடக்கு பக்கம் சாயும், அதனால சின்ன சன்ஷேடு சேத்துக்கோங்க. கண்ணாடிக்கு மேல கொசுவலையோட ஒரு வென்டிலேட்டர் விட்டா சூடான காத்தும் வெளிய போயிரும்.

மாடி வீட்டுல கீழ்த்தளம் வரைக்கும் வெளிச்சம் போகணும்னா நடுவுல குழி மாதிரி ஷாஃப்ட் விடணும். உள்சுவர் பூரா வெள்ளை பெயின்ட், கீழ வரவர கொஞ்சம் அகலமா விரிச்சு விடுங்க. ஒடுக்கமா ஆழமா போனா பாதி வெளிச்சத்த சுவரே குடிச்சிரும்.

உள்பூச்சுக்கு முன்னாடி ஓஸ் வச்சு ஜாயின்ட் எல்லாத்துலயும் அரை மணி நேரம் தண்ணி அடிங்க, ஈரம் தெரிஞ்சா காயவிட்டு மறுபடி சிலிக்கான், அப்புறம்தான் பூச்சுக்காரரக் கூப்புடணும்.