காருக்குள் பெட்ரோல் வாடை: கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

பங்கில் எரிபொருள் நிரப்பும் அந்தச் சில நிமிடங்களைத் தவிர, நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் காரில் பெட்ரோல் வாடை வரவே கூடாது. டாங்கிலிருந்து, இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை எல்லாமே மூடிய அமைப்பு. டாங்கில் எழும் ஆவியைக்கூடக் கரி நிரப்பிய கேனிஸ்டர் ஒன்று பிடித்துவைத்து, பர்ஜ் வால்வு என்ற மின் அடைப்பான் வழியாக இன்ஜினுக்கு அனுப்பி எரித்துவிடுகிறது. ஆகவே வாடை வந்தால் எங்கோ ஒரு மூடல் விட்டுப்போயிருக்கிறது என்று கொள்ளுங்கள். ஏர் ஃப்ரெஷ்னர் மாட்டி அதை மறைத்துவிட்டு ஓட்டுவது மிகவும் ஆபத்தானது.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே கலைந்துபோகாமல் தரையோடு தங்கும். எனவே அடித்தளப் பார்க்கிங்கிலோ மூடிய ஷெட்டிலோ சோதிக்காமல், வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். வெளிச்சத்துக்கு எல்.இ.டி. டார்ச் போதும். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வண்டிக்கு அடியில் பெட்ரோல் சொட்டுவது கண்ணுக்கே தெரிந்தால் சாவியைப் போடவே வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாவிட்டாலும் சாவியைத் திருப்பியதும் டாங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் சில நொடிகள் ஓடிக் கசிவைப் பெருக்கும். அத்தகைய வண்டியை ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுசெல்ல வேண்டும்.

முதல் படி: வாடை எப்போது வருகிறது?

கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன், இரண்டு நாள் கவனித்து ஒரு தாளில் குறித்துவையுங்கள். பாதிக் காரணத்தை இந்தக் குறிப்பே சொல்லிவிடும். டாங்க் நிரம்பியிருக்கும்போது மட்டும் பின்சீட்டுப் பக்கம் வாடை வந்தால் பம்ப் மூடியின் சீலைச் சந்தேகிக்கலாம். சிக்னலில் நிற்கையில் ஏ.சி. வழியாக வந்து, உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றியதும் குறைந்தால், கசிவு பெரும்பாலும் பானட்டுக்குள் இருக்கும். புகைக்குழாயிலிருந்து மட்டும் வாடை வந்து, இன்ஜின் விளக்கும் எரிந்தால், அது கசிவு அல்ல. எரியாத பெட்ரோல் வெளியேறுகிறது. அதற்கு ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: மூடியும் கேனிஸ்டரும்

டாங்க் மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் அந்த மாடலுக்குரிய மூடியையே வாங்கி மாற்றுங்கள். பங்கில் ஆட்டோ கட் ஆன பிறகும் தொகையை முழுமையாக்குவதற்காக மேலும் அடிக்கச் சொல்லும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. அப்படிச் செய்வதால் திரவப் பெட்ரோலே கேனிஸ்டருக்குள் புகுந்து கரியைக் கெடுத்துவிடும். நிரப்பியவுடன் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறினால், பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். அதைக் கழற்றிப் பெரிய சிரிஞ்சால் காற்றைத் தள்ளிப் பாருங்கள். மின்சாரம் இல்லாத நிலையில் காற்று புகுந்தால் வால்வை மாற்ற வேண்டும்.

மூன்றாம் படி: பானட்டுக்குள்

ஃப்யூவல் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்), இன்ஜெக்டர்கள் அமரும் இடம், ஹோஸ் இணைப்புகள் ஆகியவற்றை வெள்ளை டிஷ்யூ தாளால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து முகர்ந்து பாருங்கள். ஈரம் காய்ந்த இடத்தில் தூசி ஒட்டிக் கறை படிந்திருக்கும். எலி கடித்த தடத்தையும் தேடுங்கள். நம் ஊர்த் தெருவோரம் நிற்கும் வண்டிகளில் இது அரிதல்ல. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பல வண்டிகளின் ரப்பர் பாகங்கள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஆகவே பழைய வண்டியில் ஹோஸை அழுத்திப் பார்த்து, ஊதியோ விறைத்தோ இருந்தால் கசியும்வரை காத்திராமல் மாற்றிவிடுவது நல்லது.

நான்காம் படி: பின்சீட்டின் அடியில்

பல ஹாட்ச்பேக்குகளில் பின்சீட்டைத் தூக்கினால் பம்ப்பின் மூடி தெரியும். எங்கள் வண்டியில் பம்ப் மாற்றிய பட்டறையில் பழைய சீலையே திரும்பப் போட்டிருந்தார்கள். டாங்க் நிரம்பி, வளைவில் திரும்பும்போதெல்லாம் பின்னால் இருந்த குழந்தைகளுக்குக் குமட்டியது. அன்றிலிருந்து, பம்ப்பைத் திறந்தால் புதிய சீல் போடாமல் மூடக்கூடாது என்பதை எல்லோரிடமும் வலியுறுத்துகிறேன்.

ஐந்தாம் படி: மாற்றுவது

சாதாரண இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் குழாய்க்குள் 3 முதல் 4 பார் வரை அழுத்தம் இருக்கும். பம்ப்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை அது தானாக அணையும்வரை ஓடவிட்டால் அழுத்தம் இறங்கும் (கசிவு மெலிதாக இருந்தால் மட்டுமே இப்படிச் செய்யலாம்). பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, இணைப்பின் மேல் துணி சுற்றி மெதுவாகப் பிரியுங்கள். ரப்பர் ஹோஸ் இருந்த இடத்தில் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 (SAE J30R9) என்ற தரக்குறியீடு அச்சிட்ட ஹோஸைப் போடுங்கள். இன்ஜெக்டரைக் கழற்றினால் அதன் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் புதிதாக மாற்றுங்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டியில் (பெட்ரோலை சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் வகை) அழுத்தம் 100 பாரைத் தாண்டும் என்பதால் அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் பூட்டிய பின், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று முறை திருப்பி அழுத்தம் ஏறவிட்டு, தொட்ட இணைப்புகளை மீண்டும் டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு இன்னொரு முறை ஒற்றுங்கள். இரவு கண்ணாடிகளை ஏற்றி நிறுத்திவிட்டு, காலையில் கதவைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நனைந்த துணிகளை வீட்டுக்குள் கொண்டுவராமல், வெளியில் விரித்து முழுவதும் உலரவிட்டு அப்புறப்படுத்துங்கள்.