வக்கீல் பொண்ணு டெல்லிக்கும் அதுக்கு அங்கிட்டும் போகணும்னா

லா படிக்கிற தங்கச்சிமார் கேட்டுக்கிட்டே இருக்காவ, அக்கா நான் எம்பி ஆகணும், பக்கத்து நாட்டுக்காரங்களோட பேச்சுவார்த்தைக்கெல்லாம் போகணும், எங்கருந்து ஆரம்பிக்கன்னு. பாளையங்கோட்டை கோர்ட்டுல இருந்து ஆரம்பிங்கன்னுதான் சொல்லுதேன்.

முதல்ல தொழில். பார் கவுன்சில்ல வக்கீலா பதியுற என்ரோல்மெண்ட் ஃபீஸ் 750 ரூவா, எஸ்சி எஸ்டி பிள்ளைகளுக்கு 125, சட்டத்துல இருக்கறதுக்கு மேல ஃபீஸ் வாங்கக்கூடாதுன்னு 2024ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டு. பார் எக்ஸாம் எழுதி முடிச்சி ஒரு நல்ல சீனியர்ட்ட மூணு வருசமாவது இருங்க. சொந்தமா நாலு காசு சம்பாதிக்காம கட்சிக்குப் போனா மேடையில சால்வை எடுத்துக் குடுக்கத்தான் கூப்பிடுவாவ, கண்ணால பாத்ததை சொல்லுதேன்.

அடுத்தது மனு எழுதுறது, இதுலதான் எல்லாமே இருக்கு. உவரிப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்தாவ, வளைகுடா நாட்டுக்கு மீன்பிடி வேலைக்குப் போன வீட்டுக்காரரை எல்லை தாண்டிட்டாருன்னு பிடிச்சிட்டாவளாம். மஞ்சப்பையில ஒரே ஒரு பாஸ்போர்ட் ஜெராக்ஸ், தண்ணி பட்டு நம்பர்ல கடைசி ரெண்டு இலக்கம் அழிஞ்சி போயிருந்து. அந்த ரெண்டு இலக்கத்துக்காக ரெண்டு நாளு அலைஞ்சோம், கடைசியில பழைய பேங்க் ஃபாரத்துல கிடைச்சிது. பாஸ்போர்ட் நம்பர், படகு முதலாளி பேரு, பிடிச்ச தேதி, எந்த ஜெயிலு, இதெல்லாம் முதல் பக்கத்துலயே வரணும், குடும்பக் கஷ்டம் கடைசியில நாலு வரி போதும். தூதரகத்துக்கு ஒரு காப்பி, வெளிநாட்டுல மாட்டிக்கிட்டவங்களுக்காக வெளியுறவுத்துறை வச்சிருக்க மதத் (MADAD) போர்ட்டல்ல ஒரு பதிவு. இந்த மாதிரி பத்து மனு எழுதிட்டீங்கன்னா நாடுகளுக்கு நடுவுல வேலை எப்படி நடக்குன்னு புரிஞ்சிரும்.

அந்த போர்ட்டல் 2015ல சுஷ்மா சுவராஜ் வெளியுறவு மந்திரியா இருக்கப்ப வந்தது. அவுங்களும் வக்கீல்தான், 1973ல சுப்ரீம் கோர்ட்டுல தொழில் ஆரம்பிச்சி 25 வயசுலயே ஹரியானா மந்திரி ஆனவங்க, 2012ல இலங்கைக்குப் போன எம்பிக்கள் குழுவுக்கும் அவுங்கதான் தலைமை.

தேர்தல்னா உள்ளாட்சியில நில்லுங்க, 21 வயசு போதும், நம்ம மாநிலத்துல பாதி இடம் பொம்பளைகளுக்கு. எம்எல்ஏ, எம்பிக்கு 25, ராஜ்யசபாவுக்கு 30. வார்டுல குடிதண்ணி சண்டையை தீத்து வைக்கத் தெரிஞ்சவளுக்கு கடல் சண்டை புதுசா தெரியாது.

மாலத்தீவுல ஃபாத்திமத் தியானா சயீத்னு ஒரு வக்கீல், அந்த நாட்டு அரசாங்கத்துக்கு தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலா இருந்தவங்க, 2011ல தெற்காசிய நாடுகளோட கூட்டமைப்பான சார்க் அமைப்புக்கு முதல் பெண் பொதுச்செயலாளர் ஆனாங்க. அடுத்த வருசம் ஜனவரியில சொந்த நாட்டு அரசாங்கம் ஒரு ஜட்ஜை பிடிச்சி வச்சதை வெளிப்படையா கண்டிச்சாங்க, அந்த மாசமே பதவியை விட்டு இறங்கிட்டாங்க. உறுப்பு நாட்டோட உள்விவகாரத்துல தலையிடாம இருக்கறதுதான் அந்த அமைப்போட விதி. வக்கீலா பேசணுமா, பதவிக்காக வாயை மூடணுமான்னு ஒரு நாள் உங்களுக்கும் வரும், அதை இப்பவே யோசிச்சி வைங்க. என் மனசுல அவுங்க பெரிய மனுசி.

கடைசியா, இலங்கையோட போட்ட 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தம் ரெண்டையும் ஒரு வரி விடாம வாசிங்க. கச்சத்தீவுன்னு எல்லாரும் முதல் ஒப்பந்தத்தையே பேசுதாவ, நம்ம கடலான மன்னார் வளைகுடா ரெண்டாவதுலதான் வருது. மேப்பை பக்கத்துல விரிச்சி வச்சி, எல்லைப் புள்ளிய ஒண்ணொண்ணா பென்சில்ல குறிச்சிக்கிட்டே வாசிங்க.