ரேம் டைமிங்: எந்த எண்ணைத் தொட்டால் என்ன கிடைக்கும்?

ரேம் அட்டையில் வேகம் 3200 என்றும், பக்கத்தில் டைமிங் 16-18-18-36 என்றும் போட்டிருக்கும். பலரும் முதல் எண்ணான சிஎல்லை (கேட்ட தரவு வரத் தொடங்கும்வரை காத்திருக்கும் அளவு) மட்டும் பார்த்து, அது சிறிதாக இருந்தால் ரேம் வேகமானது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் அது நேரத்தின் அளவு அல்ல, கடிகாரச் சுற்றுகளின் எண்ணிக்கை. ஒரு சுற்று எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

கணக்கு எளிது. சிஎல்லை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுத்தால் நானோ நொடி கிடைக்கும். டிடிஆர்4 தலைமுறை ரேமில் 3200, சிஎல் 16 என்றால் 10 நானோ நொடி. அடுத்த தலைமுறையான டிடிஆர்5 6000, சிஎல் 30 என்றாலும் அதே 10 தான். ஆனால் அட்டை ஒன்றுக்கு நொடிக்கு 25.6 ஜிபிக்குப் பதில் 48 ஜிபி வரை கடத்தும். டிடிஆர்5 4800, சிஎல் 40 என்றால் தாமதம் சுமார் 16.7. கணினி விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 3200 ரேமுக்கு 1600 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டுவதும் கோளாறு அல்ல: ஒரு சுற்றில் இருமுறை தரவு போகிறது.

சிஎல் முழுக்கதையும் சொல்லாது. ரேமில் தரவு வரிசை வரிசையாக இருக்கிறது. வேண்டிய வரிசை ஏற்கெனவே திறந்திருந்தால் சிஎல் அளவு மட்டும் காத்திருந்தால் போதும். மூடியிருந்தால் முதலில் திறக்க வேண்டும், அது டிஆர்சிடி. வேறொரு வரிசை திறந்து கிடந்தால் அதை மூடவும் வேண்டும், அது டிஆர்பி. மேலே சொன்ன 16-18-18 அட்டையில் இவை முறையே 10, 21.25, 32.5 நானோ நொடி. அங்குமிங்கும் தாவித் தரவு கேட்கும் வேலைகளில் மூன்றாவது நிலை அடிக்கடி வரும். அதனால் டிஆர்சிடியையும் டிஆர்பியையும் பார்க்காமல் ரேம் வாங்கக் கூடாது. நான்காவது எண்ணான டிஆர்ஏஎஸ்ஸைக் (திறந்த வரிசை குறைந்தது எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது) குறைத்துப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

டைமிங்கைத் தொடுமுன் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, இரண்டு அட்டைகளும் சரியான துளைகளில் இருக்கின்றனவா? நான்கு துளை மதர்போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும். ஒற்றைச் சேனலில், அதாவது தரவுக்கு இரண்டு பாதைகளுக்குப் பதில் ஒன்றில் மட்டும், ஓடும் ரேமுக்கு எந்த டைமிங்கும் ஈடுகட்டாது. மற்றொன்று, பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை அட்டையில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயங்குகிறதா? இல்லையென்றால், 3600 என்று வாங்கிய ரேம் 2133-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும். பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால், முதலில் முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுங்கள். தவறான டைமிங் கணினியை நிறுத்துவதோடு போகாது. சத்தமில்லாமல் கோப்புகளையும் விண்டோஸையும் கெடுக்கும். இப்போதைய மதிப்புகளைப் படமெடுத்து, ஏஐடிஏ64 என்ற அளவிடும் மென்பொருளில் தாமதத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

தொடங்க வேண்டிய இடம் சிஎல் அல்ல, டிஆர்எஃப்சி. ரேம் தன் மின்னேற்றத்தைப் புதுப்பிக்கும்போது அந்த நேரம் முழுவதும் படிக்க முடியாது; அந்த நேரம்தான் டிஆர்எஃப்சி. 8 ஜிகாபிட் டிடிஆர்4 சிப்புக்குத் தரநிலை 350 நானோ நொடி, இது 7.8 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை நடக்கிறது. அதாவது நேரத்தில் 4.5 சதவீதம் வீண். 3600 வேகத்தில் 350 நானோ நொடி என்பது 630 சுற்று. அதிலிருந்து 30 சுற்றாகக் குறைத்துக்கொண்டே போங்கள். சாம்சங் பி-டை சிப் 200 நானோ நொடிக்கும் கீழே இறங்கும். வேறு பல சிப்கள் இறங்காது. டிஆர்இஎஃப்ஐ என்ற புதுப்பிப்பு இடைவெளியைக் கூட்ட உங்கள் பயாஸ் அனுமதித்தால் முதலில் இருமடங்கு மட்டும் வையுங்கள். சூடேறிய ரேமில் மின்னேற்றம் விரைவாகக் கசியும். குளிர்ந்திருந்தபோது தேறிய மதிப்பு, கிராஃபிக்ஸ் கார்டு சூடானதும் தோற்கும்.

அடுத்து, ஒரு வரிசையைத் திறந்தபின் இன்னொன்றைத் திறக்க விடும் இடைவெளிகளான டிஆர்ஆர்டி-எஸ் 4, டிஆர்ஆர்டி-எல் 6, நான்கு திறப்புகளுக்கான மொத்த அவகாசமான டிஎஃப்ஏடபிள்யூ 16 என்று முயலுங்கள். டிஎஃப்ஏடபிள்யூவை டிஆர்ஆர்டி-எஸ்ஸின் நான்கு மடங்குக்குக் கீழே இறக்குவதில் பயனே இல்லை.

சிஎல், டிஆர்சிடி, டிஆர்பி கடைசியில், ஒவ்வொன்றாக. ஏஎம்டி ரைசன் பிராசஸர் உள்ள கணினியில் கியர் டவுன் மோட் (ரேமுக்குக் கட்டளைகளை நிதானமாக அனுப்பும் பயாஸ் அமைப்பு) இயங்கினால் ஒற்றைப்படை சிஎல் அடுத்த இரட்டைப்படைக்கு ஏறிவிடும். 15 வைத்தால் 16 தான் ஓடும். மின்னழுத்தம் கூட்டினால் சிஎல் இறங்கும்; டிஆர்சிடி பல சிப்களில் அதற்கு அசைந்து கொடுப்பதில்லை. டிடிஆர்4-இல் 1.35 வோல்ட்டில் தேறுவதைப் பாருங்கள், காற்றோட்டம் நன்றாக இருந்தால் 1.4.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மதிப்பு. பிழை வந்தால் குற்றவாளி யார் என்று அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரேமைச் சோதிக்கும் டெஸ்ட்மெம்5 மென்பொருளை ஓட்டுங்கள்; எல்லாம் முடிந்தபின் மற்றொரு சோதனை மென்பொருளான மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று, பிறகு கிராஃபிக்ஸ் கார்டுக்கும் வேலை கொடுத்தபடி இன்னொரு சோதனை. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். டிடிஆர்5 சிப்புக்குள் இருக்கும் பிழைதிருத்தியை நம்ப வேண்டாம். சிப்புக்கும் பிராசஸருக்கும் இடையில் வரும் பிழையை அது பார்க்காது.

பலன் எங்கே தெரியும்? பிராசஸர் வரம்பில் ஓடும் விளையாட்டுகளில், குறிப்பாகத் திடீரென்று ஃபிரேம் சரியும் இடங்களில், கோப்புச் சுருக்கத்திலும். கிராஃபிக்ஸ் கார்டே திணறும் 4கே விளையாட்டில் தேடினாலும் கிடைக்காது. எக்ஸ்3டி வகை ரைசனில் பெரிய கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இருப்பதால் வித்தியாசம் இன்னும் குறைவு.

மாற்றியபின் திரை கறுப்பாகவே இருந்தால் பதறாதீர்கள். டிடிஆர்5 முதல்முறை தன்னைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் வரவில்லையென்றால், மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டிலுள்ள சிஎம்ஓஎஸ் அழிப்பு ஊசிகள் இரண்டையும் ஸ்குரூ டிரைவர் முனையால் பத்து நொடி இணைத்துப் பிடியுங்கள். ஊசிகள் இல்லாத போர்டில் நாணய பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைக்கலாம். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். எடுத்து வைத்த படத்தைப் பார்த்து, கடைசியாகத் தேறிய மதிப்புகளை மறுபடி போடுங்கள்.