மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இண்டெக்ஸ் (வரிகளை வேகமாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்) இருந்தும் குவெரி நகரவில்லையா?

முதலில் குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் (EXPLAIN, குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். டைப் என்ற இடத்தில் ஆல் (ALL) என்றும் கீ என்ற இடத்தில் நல் (NULL) என்றும் வந்தால், அதாவது இண்டெக்ஸைத் தொடாமல் முழு டேபிளையும் படித்தால், டேட்டா டைப்பைச் சந்தேகப்படுங்கள். பின்கோடு என்ற காலம் (column) எழுத்துகளை வைக்கும் வார்கேர் டைப்பாக இருக்க, நீங்கள் மேற்கோள் குறி இல்லாமல் வெறும் 600004 என்று கொடுத்தால், '600004', '0600004', '600004ஏ' எல்லாமே அந்த எண்ணுக்குச் சமமாகிவிடும், அதனால் எழுத்து வரிசையில் இருக்கும் இண்டெக்ஸால் பயனில்லை, ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்றித்தான் பார்க்க வேண்டும். மேற்கோள் குறி போடுங்கள், தீர்ந்தது. காலம் எண்களை வைக்கும் இன்ட் டைப்பாக இருந்து நீங்கள் '600004' கொடுத்தால் பிரச்சினையே இல்லை, மாறுவது அந்த ஒரு மதிப்பு மட்டும்தான்.

நிபந்தனைகளுக்கு இடையே ஆண்ட் (AND) போட்டிருந்தால் மற்ற நிபந்தனையின் இண்டெக்ஸ் காப்பாற்றலாம். ஆர் (OR) என்றால் ஒரு பக்கம் கெட்டாலே முழு டேபிளையும் படிக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ், வார்கேரை வெறும் எண்ணோடு ஒப்பிடுவதை எர்ரர் சொல்லியே தடுத்துவிடும். எனக்கு அதுதான் பிடிக்கும்.